நாற்காலி காலியாக இருக்கும் நேரம்

பல் மருத்துவம் படித்து முடித்த பிள்ளை சொந்தமாகக் கிளினிக் போடுவதென்றால் முதல் பெரிய செலவு ஒரு நாற்காலி. 'சேர்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்றரை லட்சத்திலும் கிடைக்கிறது, பத்து லட்சத்தைத் தாண்டியும் போகிறது. அதன் பின்னாலேயே கம்ப்ரசர், ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே, இன்வெர்ட்டர், ஏ.சி., வாசலுக்கு போர்டு, காத்திருப்பவர்களுக்கு சோபா என்று வரிசையாக வரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பணம் எங்கிருந்தெல்லாம் திரளும் என்பதை அருகில் இருந்து பார்த்தவள் நான். பொதுத்துறை வங்கி ஒன்றில் தக்கலை, கருங்கல், நாகர்கோவில் என்று கிளை கிளையாகக் கடன் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். பாதி வங்கிக் கடனாக இருக்கும். மீதி அம்மாவின் நகை, அப்பா வளைகுடாவில் சேர்த்தது, ரப்பர் விளையில் ஒரு துண்டை விற்றது. பெண் டாக்டர் என்றால், கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்ததே பல வீடுகளில் கிளினிக்காக மாறிவிடும்.

கடன் மனுவோடு வரும் திட்ட அறிக்கையில் 'நாளொன்றுக்குப் பத்து நோயாளிகள்' என்று எழுதியிருக்கும். அந்தப் பத்துப் பேரும் எந்த ஊரிலிருந்து வருவார்கள், எந்த மாதத்தில் வரமாட்டார்கள், ஒருவருக்கு எத்தனை நிமிடம் பிடிக்கும் என்று ஒரு வரிகூட இராது. இரண்டு மூன்று வருடம் கழித்துத் தவணை பிந்தத் தொடங்கும்போது டாக்டர் வந்து எதிரே உட்காருவார். நல்ல கைராசி, ஊரில் நல்ல பெயர், வரவேற்பறையில் ஆளும் இருக்கும். பணம் மட்டும் நிற்காது. "மேடம், மாசம் ரெண்டு லட்சம் வரவு இருக்கு. எங்க போகுதுன்னே தெரியல்ல" என்பார்கள். இதே வார்த்தையைப் பல பேர் வாயிலிருந்து கேட்டதுதான் ஓய்வுக்குப் பிறகு என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது. தனியாகக் கிளினிக் நடத்தும் பல் டாக்டர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய நேரத்தையும் கணக்கையும் சேர்ந்து பார்க்கிறேன். பெரிய நகரங்களில் 'பிசினஸ் கோச்' என்று விளம்பரம் செய்துகொண்டு இதைச் செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இது பழைய தொழில். அங்கே பல் வைத்தியம் நெடுங்காலமாகத் தனி டாக்டர்களின் சொந்தக் கிளினிக்குகளில்தான் நடந்து வந்தது. ஃபுளோரிடாவில் எல்.டி. பேங்கி என்ற பல் மருத்துவர் இருந்தார். அவர் பெயரில் 1969-ல் அங்கே ஒரு பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது. வலிக்கிற பல்லை மட்டும் பார்க்காதே, முழு வாயையும் பொறுமையாகப் பரிசோதி. நோயாளியை அறி, உன்னையும் அறி. அதற்குப் பிறகு கட்டணத்தைப் பேசு என்பது அவர் கற்பித்ததன் சாரம். அந்த வழியில் வந்தவர்கள் நல்ல ஆசிரியர்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த கூட்டத்தில் பலர் வைத்தியத்தைப் பின்னால் தள்ளிவிட்டு விற்பனையை முன்னால் கொண்டுவந்தார்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை. நட்சத்திர ஓட்டலில் இரண்டு நாள் வகுப்பு, அப்புறம் ஒரு வாட்ஸப் குழு, மாதம் ஒரு ஜூம் கூட்டம். கட்டணம் பல ஆயிரத்திலிருந்து லட்சம் வரை.

ஆனால் தேவை இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் பி.டி.எஸ். சேர்கிறார்கள். அரசு வேலை மிகச் சிலருக்கே கிடைக்கும். மற்றவர்கள் யாரிடமாவது சம்பளத்துக்குச் சேர வேண்டும், அல்லது சொந்தமாகப் போர்டு மாட்ட வேண்டும். 2011-ல் டெல்லியில் தொடங்கிய கிளவ் டென்டல் போன்ற தொடர் நிறுவனங்களுக்குக் கணக்குக்கு ஒரு பிரிவு, கொள்முதலுக்கு ஒரு பிரிவு, ஆள் எடுக்க ஒரு பிரிவு உண்டு. திங்கள்சந்தையில் ஒற்றை சேரோடு இருக்கும் டாக்டருக்கு அத்தனை பிரிவும் அவரே. இதற்கெல்லாம் கல்லூரியில் என்ன சொல்லித் தருகிறார்கள்? இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலின் 2007-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம் என்ற பாடத்தின் கடைசிப் பகுதியில், கிளினிக் நடத்துவது பற்றிச் சில வரிகள் வருகின்றன. இடம் தேர்வு, கட்டட அமைப்பு, கருவித் தேர்வு, பதிவேடும் கணக்கும் பராமரித்தல். அவ்வளவுதான். நாலு வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப் முடித்து வெளியே வரும் பிள்ளைக்கு வேர் சிகிச்சையில் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும் என்று தெரியும். அந்த வேலைக்குத் தனக்கு ஆகும் செலவு என்ன என்று தெரியாது.

நான் யாருடைய கிளினிக்குக்குப் போனாலும் முதல் வாரம் பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொடுப்பேன். ஒரு வரி பதினைந்து நிமிடம். காலை ஒன்பதரை முதல் ஒன்றரை வரை, மாலை நாலு முதல் எட்டு வரை என்றால் ஒரு நாளைக்கு முப்பத்திரண்டு வரிகள். சேரில் ஆள் உட்கார்ந்து வேலை நடந்தால் நீலமை. ஆள் உட்கார்ந்திருக்க வேலை நடக்காமல் இருந்தால் சிவப்புமை. யாருமே இல்லையென்றால் வரி காலி. எழுதுவது டாக்டர் அல்ல, முன்னறையில் இருக்கும் பெண்.

திங்கள்சந்தைப் பக்கம் ஒரு பெண் டாக்டர். சாயங்காலக் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை, இரண்டாவது சேர் வாங்கக் கடனுக்கு வழி சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார். நோட்டைக் கொடுத்துவிட்டு வந்து, ஒரு வாரம் கழித்துப் போய்ப் பிரித்தேன். காலையில் பதினொன்று வரை ஏறக்குறைய எல்லா நாளும் வெள்ளை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை நெருக்கமான நீலம். அந்த நீலத்துக்கு நடுவே ஒவ்வொரு நாளும் சிவப்பு.

"இது என்ன மக்கா சிவப்பு?"

"ஹேண்ட்பீஸ் ஆட்டோகிளேவ்ல கெடக்கும் மேடம். அது வெளிய வாறது வரைக்கும் காத்திருக்கணும்."

அவரிடம் இருந்த ஹேண்ட்பீஸ் இரண்டே இரண்டு. ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் பதினைந்து நிமிடம் என்பது கிருமி சாகும் நேரம் மட்டும். சூடேறி, ஆறி, உலர்ந்து வெளியே எடுக்க அரைமணிக்கு மேல் ஆகிவிடும். ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தியதை அப்படியே துடைத்து அடுத்தவருக்கு வைக்கும் வழக்கம் அந்த டாக்டருக்கு இல்லை. அதற்காக அவரை எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால் இரண்டும் உள்ளே இருக்கும்போது மூன்றாவது நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருப்பார். வரவேற்பறையில் ஒன்றிரண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். சில ஆயிரம் ரூபாயில் இன்னும் மூன்று ஹேண்ட்பீஸ் வாங்கினால் தீர்கிற நெருக்கடிக்குச் சில லட்ச ரூபாயில் சேர் வாங்கத் தயாராக இருந்தார். "முதல் சேரே பாதி நேரம் சும்மா கெடக்கு பாத்தியா பிள்ளே" என்றேன். கடன் மனுவை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

அடுத்துத்தான் கணக்கு. ஒற்றை சேர் கிளினிக் ஒன்றை வைத்துக்கொண்டு பார்ப்போம். வாடகை 15,000 ரூபாய், முன்னறைப் பெண்ணுக்கு 12,000, உதவிக்கு நிற்கும் சிஸ்டருக்கு 10,000, மின்சாரம் 6,000, கடன் தவணை 22,000, மருந்தும் சாமானும் 20,000, பழுதுபார்ப்பு 5,000. மொத்தம் 90,000. டாக்டர் தனக்கென்று மாதம் 60,000 எடுத்துக்கொள்வது நியாயம்தானே? ஆக 1,50,000. மாதம் இருபத்தைந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் திறந்திருந்தால் 200 மணி. ஆனால் நீலமை பூசிய நேரம் பாதிதான் என்றால் 100 மணி. சேரில் ஒரு மணி நேரம் ஆள் இருப்பதற்கான விலை 1,500 ரூபாய். முக்கால் மணி வீதம் மூன்று முறை வரச் சொல்லி முடிக்கும் வேர் சிகிச்சைக்கு இரண்டேகால் மணி நேரம். அடக்கமே 3,375 ரூபாய். அதற்கு 3,000 வாங்கும் டாக்டர், நோயாளி ஒருவருக்கு 375 ரூபாய் தன் கையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். போட்டுக்கொண்டிருப்பது அவருக்கே தெரியாது.

இதைக் கேட்டதும் பலர் கட்டணத்தைத்தான் கூட்டப் பார்ப்பார்கள். அவசரப்பட வேண்டாம் என்பேன். மூன்று முறை வரச் சொல்வது ஏன்? சில பற்களுக்கு மருத்துவக் காரணம் உண்டு. சீழ் கட்டியிருந்தால் மருந்து வைத்து ஆறவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், அதில் நான் தலையிடுவதில்லை. பல நேரங்களில் காரணம் வேறு. எக்ஸ்ரே அன்றைக்கு எடுக்கவில்லை, தேவையான அளவில் ஃபைல் தீர்ந்துவிட்டது, அடுத்த ஆள் வந்து நின்றுவிட்டார். ரப்பர் வெட்டப் போகிறவர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். மூன்று முறையை இரண்டாக்கினால் டாக்டருக்கு அடக்கம் குறைகிறது, நோயாளிக்கு ஒரு நாள் கூலி மிஞ்சுகிறது. கட்டணத்தைத் தொடாமலே இரண்டு பேருக்கும் நன்மை. எந்தெந்த வேலைக்கு என்னென்ன தட்டில் இருக்க வேண்டும் என்று முந்தின நாள் மாலையே சிஸ்டர் எடுத்து வைக்கிற பழக்கம் ஒன்றுதான் இதற்கு வேண்டும். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்த இரண்டு மாதம் பிடிக்கிறது. சொல்லிவிட்டு வருவது பயிற்சி ஆகாது. பழக்கம் நிலைக்கிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

வரவு இரண்டு லட்சம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் லேப் பில்லில் இருக்கும். கேப், பிரிட்ஜ், பல்செட்டு எல்லாம் வெளியே லேபில்தான் தயாராகின்றன. நோயாளி இன்று பணம் கட்டுகிறார், லேப் மாதக் கடைசியில் பில் அனுப்புகிறது. ஒரு கிளினிக்கில் பிளாஸ்டர் அச்சுகள் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிக்கு அடியில் நாலு மாத லேப் சீட்டுகள் கிடந்தன. டாக்டர் அந்தப் பணத்தையும் சேர்த்துத் தன் வரவென்று நினைத்து வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். கம்பி போடவும் இம்ப்ளாண்ட் வைக்கவும் வெளியிலிருந்து கன்சல்டன்ட் வருவார். வந்த தொகையில் அவருக்கும் ஒரு பங்கு. அதனால் கணக்கு நோட்டில் 'வந்தது', 'நம்முடையது' என்று இரண்டு பத்திகள் போடச் சொல்கிறேன். லேபுக்கும் கன்சல்டன்டுக்கும் உள்ளதை அன்றன்றே தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். இதோடு, "மிச்சம் அடுத்த வாட்டி தாறேன் டாக்டரே" என்று போகிறவர்கள். சொந்தக்காரர், சர்ச்சில் பக்கத்து பெஞ்சில் உட்காருபவர், அப்பாவின் சிநேகிதர். இவர்களிடம் டாக்டர் நேரடியாகக் கேட்க முடியாது. அளவெடுக்கும் அன்று பாதி, பொருத்தும் அன்று மீதி என்று முன்னறையில் எழுதி ஒட்டி, எல்லோருக்கும் ஒரே மாதிரி முன்னறைப் பெண்ணே சொல்லிவிட்டால் சங்கடம் பெருமளவு குறைகிறது.

அந்த முன்னறைப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு மாதம் பழக்கி எடுத்த பிள்ளை, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஜவுளிக் கடையில் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள் என்று போய்விடுவாள். டாக்டர்கள் இதைப் பெரிய நன்றிகெட்டத்தனமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாரத்தில் எந்த நாள் லீவு என்று தெரியாமல், சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று தெரியாமல், எட்டரை மணிக்குக் கடைசி பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுகிற பெண் ஏன் நிற்க வேண்டும்? கிளினிக்கின் முகம் அவள். போனில் "டாக்டர் இருக்காங்க, வாங்க" என்று சொல்கிற குரல் அவளுடையது. அவளுக்குப் பி.எஃப்., நியாயமான சம்பளம், நேரத்துக்கு வீட்டுக்குப் போகும் உரிமை எல்லாம் செலவுக் கணக்கில் முதலில் எழுத வேண்டியவை.

வெளியூர்ப் பயிற்சியாளர்களின் திட்டங்கள் இங்கே ஏன் பொருந்துவதில்லை என்பதற்கு வருகிறேன். அவர்களுடைய தாளில் மாதாமாதம் ஒரே இலக்கு இருக்கும். குமரி மாவட்டத்தில் மாதங்கள் ஒன்றுபோல் இல்லை. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் எங்களுக்கு இரண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் இருக்கும் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குளச்சலில் கிளினிக் வைத்திருப்பவர் ஜூன், ஜூலையில் கேப் போட யாரும் வரவில்லையே என்று கவலைப்பட்டுப் பயனில்லை. வலிக்குப் பல் பிடுங்க வருவார்கள்; பெரிய வேலைக்கு ஆகஸ்டுக்குப் பிறகுதான். மேற்கே குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர். இலை உதிரும் பிப்ரவரி, மார்ச்சில் வெட்டு நிற்கும்; மழை பிடித்தால் மறுபடியும் நிற்கும். தோவாளையில் பூக்காரர்களுக்கு ஓணத்தை ஒட்டிக் கையில் காசு புழங்கும். நாஞ்சில் நாட்டு வயல்பக்கம் கன்னிப்பூ, கும்பப்பூ அறுப்பு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பல் சுத்தம் செய்ய, முன்பல் சரிசெய்யக் கூட்டம். இவற்றுக்கெல்லாம் மேலே வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள். அங்கே செலவு அதிகம் என்று வாய் முழுவதையும் ஒரே மாதத்துக்குள் முடித்துத் தரக் கேட்பார்கள். அவர்களுக்கு மாலை நேரம்தான் வேண்டும் என்பதில்லை, காலையிலும் வருவார்கள். அந்தத் திங்கள்சந்தை டாக்டரின் வெள்ளையாகக் கிடந்த காலை நேரத்தில் ஒரு பகுதியை நிரப்பியது லீவுக்காரர்கள்தான். வருவதற்கு முன்பே வாட்ஸப்பில் தேதி பேசி, லேபிடமும் சொல்லி வைத்துக்கொள்கிறார்.

ஒவ்வொரு கிளினிக்குக்கும் இப்படி ஒரு பன்னிரண்டு மாத அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். கடன் தவணையைத் தள்ள முடியாது. ஆனால் சாமான் கொள்முதலை, ஏ.சி. சர்வீஸை, சொந்த விடுமுறையை, கடலோரப் பள்ளிகளில் பல் பரிசோதனை முகாமை ஒல்லியான மாதங்களுக்கு நகர்த்தலாம். நல்ல மாதத்தில் இரண்டு தவணைக்கான பணத்தை ஒதுக்கி வைக்கலாம். வங்கியில் இருந்தபோது தவணை பிந்திய கோப்புகளை மாதவாரியாக அடுக்கிப் பார்த்திருந்தால் இந்த அட்டவணை அப்போதே கண்ணில் பட்டிருக்கும் என்று தோன்றுகிறது. கடலும் ரப்பரும் அந்தத் தேதிகளுக்குள் இருந்தன.

இங்கே நோயாளிகள் வரும் விதத்தையும் சொல்ல வேண்டும். மாறாமலை, கரும்பாறை பக்கம் கிராம்பு விளைகிற மாவட்டம் இது. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பல்வலி வந்தால் முதலில் கிராம்பு, அப்புறம் உப்புத் தண்ணீர், அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை, நாலு நாள் தூக்கம் கெட்ட பிறகுதான் டாக்டர். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் வலியை அடக்கும், டாக்டர்களே தற்காலிக அடைப்பில் அதைப் பயன்படுத்துகிறார்கள். சொத்தையை அது ஆற்றாது. இப்படி வலியோடும் பயத்தோடும் வந்து உட்காருகிறவரிடம்தான் விற்பனை வித்தை கற்ற டாக்டர் பேசத் தொடங்குகிறார்.

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு வயதான அம்மா, வலிக்கிற கடைவாய்ப் பல்லைக் காட்டப் போனார். ஒரு பெரிய திரையில் வாய் முழுவதையும் படம் பிடித்துக் காட்டினார்களாம். ஒரு பெண் பிள்ளை தனியறைக்குக் கூட்டிப்போய், எண்பதாயிரம் ரூபாய்க்குத் திட்டம் போட்டு, மாதத் தவணைக்கு ஆதார் கார்டும் கேட்டாளாம். "எனக்க பல்லு ஒண்ணுதான் வலிச்சு. வலிச்ச பல்ல அவங்க தொடவே இல்ல மக்களே" என்றார் என்னிடம். வேறொரு டாக்டரிடம் போய் அந்தப் பல்லை எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் இந்தக் கதை ஊருக்கே தெரிந்துவிட்டது. திட்டத்தில் இருந்த எல்லாமே தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. அந்த வயதில் வாயில் வேலை நிறைய இருந்திருக்கலாம். ஒரே அமர்வில் எல்லாவற்றுக்கும் சம்மதம் வாங்கு, யோசிக்க நேரம் கொடுக்காதே, சம்மதம் வாங்கும் ஊழியருக்கு ஊக்கத்தொகை கொடு என்று சொல்லித் தருகிற பயிற்சி இருக்கிறதே, அதைத்தான் குற்றம் சொல்கிறேன். வலியில் இருப்பவரின் பயத்தைப் பணமாக்கும் வேலை அது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சட்டமும் டாக்டரின் பக்கம் நிற்காது. பல் மருத்துவர்களுக்கான 2014-ஆம் ஆண்டுத் திருத்திய நெறிமுறைகள் நோயாளிகளை விளம்பரம் செய்து இழுப்பதையும், ஆள் அனுப்புவதற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கின்றன. பயிற்சியாளர் கற்றுத்தரும் விளம்பர உத்திகளில் பல இந்தக் கோட்டுக்கு அப்பால் விழுகின்றன. நாளை கவுன்சிலிலிருந்து நோட்டீஸ் வந்தால் பதில் எழுத வேண்டியது பயிற்சியாளர் அல்ல. 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது. தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் சட்டத்தின் கீழ் பதிவு, 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள், எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி எல்லாமும் உண்டு. நல்ல பயிற்சியாளர் முதல் மாதத்திலேயே இந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பார்.

சம்மதம் கேட்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் முறை இது. தமிழில் ஒரே தாள். மேலே, இன்றைக்குச் செய்தே ஆக வேண்டியது. நடுவில், ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டியது, செய்யாவிட்டால் என்ன ஆகும். கீழே, பொறுத்திருக்கலாம் என்பவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை. தாளைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். மகனிடம் காட்டுவார்கள், துபாயில் இருக்கும் மகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். பல் எடுத்த மறுநாள் காலை முன்னறைப் பெண் போன் செய்து, இரத்தம் நின்றதா, சாப்பிட முடிகிறதா என்று கேட்பாள். நோயாளி திரும்பி வருவதற்கு இந்த இரண்டும் எந்த விளம்பரத்தைவிடவும் உதவுகின்றன என்று நான் உட்கார்ந்த கிளினிக்குகளில் பார்த்திருக்கிறேன்.

தொழில் செய்கிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்லும் மரபு நம் மாவட்டத்துக்குப் புதிது அல்ல. மார்த்தாண்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1920-களில், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அங்கே கிராமச் சீரமைப்பு நிலையம் தொடங்கினார். தேனீ வளர்ப்பு, கோழி, நெசவு, முட்டை விற்கக் கூட்டுறவு என்று சுற்றுக் கிராமங்களில் வேலை நடந்தது. உழைப்பும் முடிவும் ஊர்க்காரருடையதாக இருக்க வேண்டும், விவரம் தெரிந்தவர் நெருங்கி இருந்து யோசனை தர வேண்டும் என்பது அவர் வகுத்த கொள்கை. மார்த்தாண்டம் தேன் என்று இன்றைக்கும் கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதன் வேரில் அந்த வேலை இருக்கிறது.

மருத்துவத்திலேயே தமிழ்நாட்டில் இதற்கு உலகம் அறிந்த உதாரணம் உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தாங்கள் கற்ற நிர்வாகத்தை மற்ற கண் மருத்துவமனைகளுக்கும் சொல்லித்தர 1992-ல் லைக்கோ என்ற நிறுவனத்தை அரவிந்த் ஏற்படுத்தியது. முதலில் லைக்கோவினர் பயிற்சி கேட்கும் மருத்துவமனைக்கு நேரில் போய்ப் பார்ப்பார்கள். பிறகு அங்கிருந்து டாக்டர், நிர்வாகி, செவிலியர் எல்லோரும் குழுவாக மதுரைக்கு வந்து திட்டம் போடுவார்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்து போய்ப் பார்ப்பார்கள். இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் பல நூறு மருத்துவமனைகள் இப்படிப் பயன்பெற்றிருக்கின்றன. டாக்டரை மட்டும் கூப்பிட்டு மேடையில் பேசாமல், செவிலியரையும் கூடவே உட்கார வைத்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. கண்ணுக்கு நடந்தது பல்லுக்கு நடக்கவில்லை. தனித்தனியாக, சின்னச் சின்ன அறைகளில், ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாமல் பல் டாக்டர்கள் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

பயிற்சியாளருக்குப் பணம் கட்டப் போகும் டாக்டர்கள் என்னிடம் வந்து கேட்பதுண்டு. முதலில் அவருடைய கட்டணம் எப்படி என்று பாருங்கள் என்பேன். நிலையான தொகையா, வரவு கூடினால் அதில் பங்கா? பங்கு என்றால் அவர் கண் உங்கள் நோயாளியின் பையில்தான் இருக்கும். கிளினிக்குக்கு நேரில் வந்து ஒரு முழு நாள் உட்காருவாரா? உங்கள் முன்னறைப் பெண்ணோடு தமிழில் பேசுவாரா? சிகிச்சை முடிவில் தலையிட மாட்டேன் என்று எழுதித் தருவாரா? அவரிடம் பயின்ற நாலு டாக்டர்களிடம், அவர் சொல்லாத நாலு பேராகத் தேடிப்பிடித்து, நீங்களே பேசினீர்களா? இதற்கெல்லாம் சரியான பதில் கிடைத்தால் தாராளமாகக் கட்டலாம். கிடைக்காவிட்டால், அந்தப் பணத்துக்கு ஹேண்ட்பீஸ் வாங்கிக்கொள்வது மேல்.

இன்னொன்று, கல்லூரிகளிடம் கேட்க வேண்டியது. குலசேகரத்தில் ஸ்ரீ மூகாம்பிகை பல் மருத்துவக் கல்லூரி, மாவட்ட எல்லையைத் தாண்டியதும் காவல்கிணற்றில் ராஜாஸ். இன்டர்ன்ஷிப் ஆண்டில் இரண்டு வாரம், ஊரில் நெடுநாள் கிளினிக் நடத்திய ஒருவரின் மேஜையருகே பிள்ளைகளை உட்கார வைக்கலாம். லேப் பில் எப்படி வருகிறது, முன்னறைப் பெண் போனில் என்ன சொல்கிறாள், ஜூலையில் குளச்சலில் எத்தனை வரி நீலம் என்று நேரில் பார்க்கட்டும். இந்தியப் பல் மருத்துவச் சங்கத்தின் கிளைக் கூட்டங்களில் இம்ப்ளாண்ட் பற்றிய உரைகளுக்கு நடுவே கணக்குக்கு ஒரு மாலை ஒதுக்கலாம். தக்கலையில் ஓய்வு பெறப் போகும் மூத்த டாக்டர் ஒருவர், தன் பழைய அப்பாயிண்ட்மென்ட் டைரிகளையும் லேப் பில் கட்டுகளையும் இதற்காகத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். நோயாளிகளின் பெயர்களை மறைத்து, மாதவாரியாகப் பிரித்து எழுதும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.